இடையில் நடந்தவள்

விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இது நடந்தது உச்சிப் பகலில். பகல்தானே என்று யாரும் காலை நீட்டி உட்கார வேண்டாம்.

மணி பன்னிரண்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ஆற்றங்கரைப் பாதை. பங்குனி வெயில்... ஒரு காக்கை கூட இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிற நம் கிருபைராஜின் பெரியத்தை சாரம்மாள், ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம். அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சம்மா.

ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட இரண்டு அறை. ஒன்றில் நோய் பார்க்கிற அப்போதிக்கரி இஸ்ரவேல். மற்றதில் மருந்து கலக்குகிற கம்பவுண்டர் தேவமணி. நடுவில் பத்தடி வராந்தா. இருவரும் முகம் கொடுத்துப் பேசிப் பத்து மாதம். காரணத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். மேலதிகாரி வந்த அன்று, போட்டிருந்த ஒரே நாற்காலியில் கம்பவுண்டர் உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான்! இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு.

அதன்பின் எல்லாம் சாரம்மாள் வழியாகத்தான். "ஏட்டி, அந்த ஆள்ட்ட சொல்லு." "அவருட்ட போய்க் கேளு." ஒருவரும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. வாசலில் சேலை அசைந்தால் போதும், பேசுவார்கள்.

முந்தின வாரம் பேச்சித்தாய் என்று ஒருத்தி வயிற்றுப்போக்கோடு வந்தாள். நடவு நடுகிறவள்; முப்பது வயது இருக்காது. அப்போதிக்கரி அபின் மருந்து ஐந்து சொட்டு என்று எழுதினார். 5-க்குப் பக்கத்தில் மை சிந்தி, ஒரு சுழி மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது. கம்பவுண்டருக்குச் சந்தேகம் வந்தது... வந்ததாம்! பத்தடி நடந்து கேட்டிருந்தால் தீர்ந்தது. சாரம்மாளோ வெளியே போயிருந்தாள். எழுதினபடி கொடுத்தார். தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. வாந்திபேதியில் செத்தாள் என்று இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பொய்யை எழுதிக்கொண்டார்கள். அப்போதும் பேசவில்லை.

திரும்பி வந்து மருந்துச் சீட்டைப் பார்த்ததும் சாரம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இனி ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நடக்க மாட்டேன். வாய் இருக்குல்லா, நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வேலை மட்டும் தடையில்லாமல் நடந்தது. இங்கே சொன்னது அங்கே போய்க்கொண்டேதான் இருந்தது... எப்படி என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அதை யோசித்துக்கொண்டே நடந்தவளுக்குத் திடீரென்று அபின் மருந்தின் கசப்பு வாடை அடித்தது. எதிரே ஒரு பெண். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்தாள். தலை குனிந்திருந்தது. செருப்பில்லாத காலோடு கொதிக்கிற புழுதியில் பைய, மிகப் பைய நடந்தாள். நனைந்த சேலையிலிருந்து சொட்... சொட்... சாரம்மாள் கடந்துபோய்த் திரும்பினாள். பாதை காலி. புழுதியில் ஈரம் மட்டும்.

ஓடினாள்.

அப்போதிக்கரி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சில்லை. மேசையில் காலிக் குவளை... அதே வாடை.

கம்பவுண்டர் தன் அறையில் அளவுக் குப்பியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்போதிக்கரி ஐயாவுக்கு என்ன குடுத்தீய?"

"வயித்தால போகுதுன்னு ஐம்பது சொட்டு கேட்டாரு. நீதான வந்து சொன்னே?"

"நானா? விடியமுன்னயிருந்து கல்லிடைக்குறிச்சியில கெடக்கேன். ஐம்பதுன்னதும் ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"தோணிச்சு. அவரு சொல்லிவிட்டதை நான் எதுக்குப் போய்க் கேக்கணும்?"

சாரம்மாள் கிட்டே வந்தாள். "சொன்னவ மொகத்தப் பாத்தீயளா?"

"ஒன் மொகத்த நான் எதுக்குட்டி பாக்கணும்? குனிஞ்சாப்புல மருந்த நீட்டினேன். ரெண்டு கையையும் சேத்து வாங்கினே." அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கட்டைவிரல் ரெண்டையும் வெள்ளத் துணியால சேத்துக் கெட்டியிருந்துச்சு. ஏதோ காயம்னு நெனச்சேன்... கேக்கல."