பங்குனிக்கு எழுதிய காற்று

மணியோசையை வெறுப்பவன் அல்லேன் நான். இதை முதலில் பதிந்துகொள்ளுங்கள், ஐயா. காலை ஆறுக்கும் நண்பகலுக்கும் மாலை ஆறுக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் செபத்துக்காக ஒலிக்கும் திருந்தாதி மணியைக் கடந்த பதினொரு ஆண்டுகளாக அடித்து வருபவன் நானே. மணி ஒலித்தால் மனிதன் கைவேலையை நிறுத்தி மேலே நோக்க வேண்டும். அத்தகைய தகுதி உள்ள ஒன்றுக்காக மட்டுமே அது ஒலிக்க வேண்டும் என்பது என் கொள்கை.

திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பதவிப் பெயருக்குரிய கடுமை உங்களிடம் இல்லை. நேற்று உங்கள் எழுதுநர் வாசித்துக் காட்டிய அறிக்கையில், ‘கணினிக் கோளாறு காரணமாகக் காற்று எச்சரிக்கை கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த வரி பிழை. கோளாறு எதுவும் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான்; பிழையான பாடம் நிலைப்பதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்க என்னால் இயலாது. ஆகவே இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

எங்கள் கரை தாழ்வுபாட்டுக்கும் ஓலைத்தொடுவாய்க்கும் இடையில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், சுனாமி வருகிறதென்று கைபேசிகளில் ஒரு செய்தி பரவி, ஊர் முழுவதும் வீடுகளைத் திறந்துபோட்டுவிட்டு ஓடியது. அன்று அலை கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. ஓட்டத்தில் விழுந்து மூன்று பேர் எலும்பு முறித்துக்கொண்டதுதான் மிச்சம். அதன்பின் சுவாமியாரும் கடற்றொழிலாளர் சங்கமும் கூடி ஒரு கட்டுப்பாடு செய்தார்கள். கடலைப் பற்றி எவருடைய கைபேசி எதைச் சொன்னாலும் எடுபடாது. பின்னேரம் நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் வருவதே சொல். அதைக் கேட்டபின்பே படகு இறங்க வேண்டும். வாசிப்பதற்கு என்னைத் தெரிந்தெடுத்தார்கள். பெரிய வெள்ளியில் வியாகுலப் புலம்பல் வாசிக்கும் குரல் என்னுடையது. அந்தக் குரலில் பொய் வராது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

கோயிலை அடுத்துள்ள சங்க அலுவலகமான கந்தோருக்கு ஒரு தொண்டு நிறுவனம் கணினி ஒன்றைக் கொடுத்திருந்தது. காற்று எச்சரிக்கை வந்தால் திரையின் கீழ்மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி எழுந்து ஒலிக்கும். நான் அதைக் கண்டு எழுதி, ஒலிபெருக்கியில் வாசிப்பேன். எஞ்சிய நேரத்தில் அதே கணினியில் என் வாழ்நாட் பணியைச் செய்துவந்தேன். எங்கள் முன்னோர் தவக்காலத்தில் பாடிய தேவமாதாவின் புலம்பல் ஒன்று ஒரேயொரு கையெழுத்துக் கொப்பியில் தப்பியிருந்தது. உப்புக்காற்றில் ஊறிய தாள். புரட்டிய பக்கம் விரலோடு பொடியாக வரும். ஒரு பக்கத்தை ஒருமுறைதான் படிக்கலாம். படித்ததைத் தட்டச்சில் ஏற்றிவிட்டால் உண்டு. இல்லையேல் என்றைக்கும் இல்லை.

ஆனால் அந்த மூலையில் எழுந்தது மஞ்சள் பெட்டி மட்டுமன்று. புதிய பதிப்பு ஆயத்தம் என்றது. உங்கள் கணினி ஆபத்தில் என்றது. அடுத்த கணமே, ஆபத்து எதுவுமில்லை என்று அறிவிப்பதற்காக இன்னொரு முறை ஒலித்தது. நான் கண்டிராத தேசமொன்றில் பனி பெய்வதைச் சொன்னது. இல்லாத அச்சுப்பொறியைக் காணவில்லை என்று தேடியது. ஒருநாள் எண்ணினேன். திருந்தாதி மணி மூன்று. விண்டோஸ் மணி ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்டில் காற்றைப் பற்றியது ஒன்றுமில்லை.

மாசி மாதத்தில், நாற்பத்தோராம் பாட்டைத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தபோது நண்பகல் ஆயிற்று. எழுந்து சென்று மணியடித்து, திருந்தாதி சொல்லி முடித்துத் திரும்பினேன். திரை நீலமாக இருந்தது. கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. எதையும் அணைக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டது. பாட்டு போயிற்று. தாளும் பொடியாகிவிட்டிருந்தது. முதல் மூன்று அடிகளை நினைவிலிருந்து மீட்டேன். ஈற்றடி வரவில்லை. மகனின் உடலை மடியில் கிடத்திய தாய், கடைசியாக என்ன கேட்டாள் என்பது அந்த அடியில் இருந்தது. இருநூறு ஆண்டுகள் தப்பி வந்த ஓர் அடி, நான் செபம் சொன்ன ஐந்து நிமிடத்தில் அழிந்தது. நான் கோபப்படவில்லை. அன்றிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை என்பதே சரி.

மன்னார்ப் பெரியகடையில் கணினி திருத்தும் கிறிஸ்ரியை அழைத்தேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பொறுப்பான ஆள். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

“இந்தச் சத்தங்களை ஒவ்வொண்டா நிப்பாட்டலாம், மாஸ்ரர்,” என்றார். “ஆனா அடுத்த அப்டேட்டோட திரும்ப வந்திடும். பெண் எடுத்த வீட்டில வந்து குந்தின மருமகன் மாதிரி, எழுப்பி அனுப்பேலாது.”

“வேறு வழி?”

“விண்டோசை எடுத்துப்போட்டு லினக்ஸ் போடலாம். அது கேட்டாத்தான் வாய் திறக்கும். என்ர மனிசிக்கு நேரெதிர்.” சிரித்துவிட்டு, விசைப்பலகையில் கையை வைத்தபடி நின்றார். “ஆனா ஒண்டு. காத்துச் செய்தி வாற புரோகிராம் அதில ஓடாது. விண்டோசுக்கு மட்டும்தான் செய்திருக்கினம். ரெண்டையும் வைச்சுத் தரட்டே? பின்னேரத்தில இதைத் திறந்து பாத்துப்போட்டு மூடலாம்.”

“வேண்டாம். முழுதாக எடுத்துவிடுங்கோ.”

“அப்ப காத்துக்கு என்ன செய்வியள்?”

“சங்கத்தில கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

“மறந்திடாதேங்கோ, மாஸ்ரர்.”

நான் மறக்கவில்லை. சங்கத்தில் சொல்லவுமில்லை. இரண்டும் வேறு வேறு.

அது தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல்நாள். தவக்காலத்தில் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் சாராயத்தை விடுவார்கள். நான் அந்த ஒலிகளை விட்டேன். திரை பாலைநிலம்போல் கிடந்தது. மூலையில் ஒன்றும் எழவில்லை. அமைதியில் சொற்கள் தாமாக வந்து நிற்கும் என்பதை மறந்திருந்தேன். அந்த நாட்களில் மறுபடி அறிந்தேன்.

முதல் நான்கு நாட்கள் நாலேகாலுக்குக் கடற்கரைக்குச் சென்று, வானத்தையும் நீரையும் பார்த்து அறிவித்தல் எழுதினேன். எல்லா நாளும் ஒன்றுபோல் இருந்தன. பங்குனி நெருங்கினால் வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் பிறந்திராது. இரண்டு காற்றுக்கும் இடையில் கடல் துயிலும். பழம்பாட்டுகளும் அப்படியே சொல்கின்றன, படகுகளை உடைய எங்கள் சம்மாட்டிமாரும் அப்படியே சொல்கிறார்கள். நாள்தோறும் சென்று அதையே பார்த்து வருவது நேரவிரயம். ஆகவே தவக்காலத்து முதல் ஞாயிறு பூசைக்குப் பின் அமர்ந்து, எஞ்சிய முப்பத்தாறு நாட்களுக்கும் முப்பத்தாறு அறிவித்தல்களை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். ஞாயிறுகளில் படகு இறங்காது, அவற்றை விட்டுவிட்டேன். பெரிய வெள்ளிக்குரியதில் மட்டும், ‘இன்று எவரும் கடல்மேற் செல்லற்க’ என்று எழுதினேன். மற்றவை யாவும் அமைதி கூறுபவை.

அவற்றில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு நான் வாசித்தது இலக்கங்கள். மணிக்கு இத்தனை கிலோமீற்றர், இத்தனை மீற்றர் அலை. இப்போது, ‘கொண்டல் மெலிந்து வரும், தொட்டில் ஆட்டும் கைபோல் நீர் அசையும், சென்று வலை விரிமின்’ என்று வாசித்தேன். கரையோர வாடிகளில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து கேட்டார்கள். எங்கள் கோயிலைக் கூட்டித் துடைக்கும் எடித், கடலுக்குப் போகும் அருளப்புவின் மனைவி, ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: “மாஸ்ரர், சுவாமியாற்ற பிரசங்கத்துக்கு நித்திரை வருகுது. உங்கட காத்துக்கு மட்டும் முழிச்சிருக்கிறன்.”

இனி அந்த வெள்ளிக்கிழமை. தவக்காலத்து மூன்றாம் வாரம், இருபத்தோராவது அறிவித்தல்.

மூன்று மணிக்கு நான் கந்தோரில் இருந்தேன். நாற்பத்தோராம் பாட்டின் ஈற்றடியை மறுபடியும் தேடிக்கொண்டிருந்தேன். சாளரம் தெற்கு நோக்கியது. கடலின் விளிம்பில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு இருந்தது. அரைமணியில் அது ஒரு விரற்கடை உயர்ந்தது. கரைக்கொக்குகள் தாழப் பறந்து உள்நாட்டுக்குப் போயின. இவற்றின் பொருளை நான் அறிவேன். நேற்று நீங்கள், ‘மாஸ்டர் வானத்தையாவது பார்த்திருக்கலாமே’ என்று மென்மையாகக் கேட்டீர்கள். பார்த்தேன், ஐயா. அதற்கு நான் விடை கூறாமல் இருந்தது வருத்தத்தால் என்று எண்ணிக்கொண்டீர்கள்.

நாலு மணிக்கு எடித் துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றார்.

“மாஸ்ரர், கொம்பியூட்டரில ஏதும் வந்ததே? தம்பி நிரோஷன் போனில என்னவோ மஞ்சளாக் காட்டுறான். எனக்கும் விடியத் துவக்கம் மனசு ஒரு மாதிரிக் கிடக்கு.”

“ஒண்டும் வரேல்லை, பிள்ளை.”

“வரேல்லைத்தானே?”

“வரேல்லை.”

“உங்கட வாயால கேட்டாப் போதும்,” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அது பொய்யன்று. ஒன்றும் வரவில்லை. வருவதற்குரிய வழியை நான் அடைத்திருந்தேன் என்பது வேறு கேள்வி. அதை அவர் கேட்கவில்லை.

நாலரைக்கு அந்தத் தாளைக் கையில் எடுத்தேன். மாற்றி எழுத நேரம் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். ‘போகாதீர்கள்’ என்ற ஒரு சொல் போதும்; மூச்சுவிடும் நேரம்கூட ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் எங்கிருந்து அறிந்தீர் என்று கேட்பார்கள். சங்கத்தார் கந்தோருக்கு வருவார்கள். மஞ்சள் பெட்டி எங்கே என்பார்கள். கிறிஸ்ரி வருவார், விண்டோஸ் வரும், ஐம்பத்தெட்டு மணிகளும் வரும். உயிர்ப்புத் திருநாளுக்கு முன் நூலை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மேலும், இருபத்தோராவது அறிவித்தல்தான் நாற்பதிலும் சிறந்தது. ‘பாயல் விரித்த பரவை துயில்கின்றது’ என்று தொடங்கும். அதைத் திருத்தமாக வாசித்தேன்.

கரையில் நடந்ததைத் திரும்பி வந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். எடித்தின் தம்பி நிரோஷன் படகில் ஏறாமல் நின்றானாம்.

“அத்தான், இண்டைக்கு விடுவம். போனில எச்சரிக்கை எண்டு கிடக்கு.”

“உன்ர போன் சுனாமியும் கொண்டந்தது, மறந்திட்டியே?” என்றாராம் அருளப்பு. “அண்டைக்கு நீதான் முதல் ஓடினவன், காலில ஒரு செருப்போட. மாஸ்ரர் வாசிச்சவரெல்லே? ஏறடா.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நிரோஷனும் சிரித்துக்கொண்டு ஏறினான். ஆறு படகுகள் இறங்கின. ஆறு மணிக்கு நான் திருந்தாதி மணியடித்தபோது கயிறு கையில் நிற்காமல் காற்று இழுத்தது. ஐந்து படகுகள் எப்படியோ திரும்பின. அருளப்புவும் நிரோஷனும் மறுநாளும் அதற்கு மறுநாளுமாகக் கரை சேர்ந்தார்கள். அவர்களை நீங்கள் பார்த்தீர்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் அறிக்கையில் திருத்த வேண்டியது இவ்வளவுதான்: எச்சரிக்கை கிடைக்காமற் போகவில்லை, அது வருவதை நான் நிறுத்தினேன். காற்று வருவதைக் கண்டேன். காணாதவனைப்போல் வாசித்தேன். இருவரும் என் குரலைக் கேட்டுச் சென்றார்கள். கையெழுத்தைக் கீழே இட்டிருக்கிறேன்.

அடக்கத்தன்று புலம்பல் வாசிக்க என்னையே அழைத்தார்கள். கொப்பியிலிருந்து நான் தட்டச்சிட்ட புலம்பலை வாசித்தேன், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. நாற்பத்தோராம் பாட்டில் மூன்று அடிகளோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருந்த எடித் தலையை நிமிர்த்தி, “போகாதை எண்டு சொல்ல ஒரு வாய் இருக்கேல்லையே,” என்று கேட்டார். உரத்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடி கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்ததும் அதைக் குறித்துவைத்தேன். பேச்சு வழக்கை மட்டும் திருத்தினேன். ‘போகாதே என்றுரைக்க ஒருவாயும் இல்லையோ.’ மூன்று அடிகளின் கீழ் வைத்தபோது ஓசை ஓரிடத்திலும் முட்டவில்லை. தொலைந்த அடி இதுவாகவே இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். நூல் இப்போது முழுமையாகிவிட்டது. முன்னுரையில் எடித்துக்குப் பெயர் குறித்து நன்றி எழுதியிருக்கிறேன். முதற்பிரதியை அவரிடம் நீங்களே சேர்ப்பித்துவிடுங்கள், ஐயா. தேவமாதாவின் துயரத்தை அவ்வளவு ஆழமாக உணர்ந்து சொன்னவர், அதை அச்சில் காணும்போது ஆறுதல் அடைவார்.