பின்கதவுத் தாழ்

எனக்குத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக வேண்டும். அது தெரிந்த ஒரே ஆள் அந்தப் பட்டாசுக் கடைக்காரம்மாதான்.

பட்டாசுக் கடைகளைச் சோதித்து உரிமம் கொடுப்பது என் உத்தியோகம். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே வேப்பங்காய். அதற்கு என்ன செய்வது அய்யா, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. ஒயர் தொங்கக் கூடாது. மணல் வாளி நிறைந்திருக்க வேண்டும். வியாபார நேரத்தில் பின்கதவைப் பூட்டக் கூடாது. வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு இதையெல்லாம் நாலு பேரிடம் ஒப்பிப்பதுதான் பேச்சு.

முதல் தடவை போனபோது அந்தம்மா கடையில் வாளி காலி. அதட்டினேன்.

"தப்புதான் சார், நாளைக்கே நிரப்பிடறேன். முகமே வாடிக் கிடக்கே, சாப்பிட்டீங்களா?"

மனைவி போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் வாளியைப் பார்க்கப் போனேன். அப்புறம் ஒயரைப் பார்க்க. போகும்போதெல்லாம் தேநீர் வந்தது.

"தீப்பிடிச்சா முன்னால கூட்டம் முட்டிக்கும்மா. நீங்க பின்கதவுக்கு ஓடிடணும்" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

கடைசி முறை துருவித் துருவிப் பார்த்தும் ஒரு குறை அகப்படவில்லை. உரிமத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"அப்பாடா, இனிமே உங்க தொல்லை விட்டுச்சு சார்" என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னதுதான்.

பின்சந்து வழியாகப் போனேன். கடை மூடிய பின் பூட்டுவதற்காகப் பின்கதவுக்கு வெளியே ஒரு தாழ் உண்டு. அதைப் போட்டேன், அவ்வளவுதான். மறுநாள் வந்து கண்டுபிடித்துக் கடிந்துகொண்டால் தேநீர் வருமே என்று.

சந்து முனையை இன்னும் தாண்டவில்லை, கடைக்குள் வெடிக்க ஆரம்பித்தது. எவனோ சிகரெட்டை அணைக்காமல் வீசியிருக்கிறான். வாடிக்கையாளர்கள் முன்பக்கமாகத் தப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்து பின்கதவருகே நின்றேன். சொல்லிக் கொடுத்தபடியே அந்தம்மா அங்கேதான் ஓடி வந்திருந்தார்.

"யாராச்சும் திறங்களேன். சார், போயிட்டீங்களா?"

திறந்தால், தாழைப் போட்டது யார் என்று கேட்பார். தட்டுவது நிற்கும் வரை அங்கேயே இருந்தேன். பின்கதவு பூட்டியிருந்தது உரிமையாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை கொடுத்ததும் நான்தான்.

என்னைக் கல்நெஞ்சன் என்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள் அய்யா. அன்றைக்கு "அடிக்கடி வாங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் தாழை நான் ஏன் தொடப் போகிறேன்?