ஜுனைடின் தாக்கத்தி

அறுப்புத் தொடங்கிய பிறகுதான் எல்லாரும் கதிர் அறுக்கும் தாக்கத்தியைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு ஓடிவருவார்கள், காதியார். ஜுனைட் மட்டும் முன்கூட்டியே தீட்டிவைப்பவன். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிறு காலையிலும் அப்படித்தான் வந்திருந்தான்.

முதல் அலையில் கூரையின் இரும்புச் சட்டம் அவன் இடுப்பின் மேல் விழுந்தது. தண்ணீர் வடிந்ததும், "காக்கா, அலவாங்கப் போட்டுக் கிளப்புங்க, அசைய ஏலாமக் கிடக்கு" என்றான். அடுத்த அலை வருகிறது என்று தெருவில் கத்தினார்கள். நேரம் இருக்கவில்லை. துருத்தியையும் சம்மட்டிகளையும் மதில்மேல் ஏற்றினேன். பட்டடைக்கல்லைத் தூணோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு அலவாங்கையும் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஜுனைடின் மையித்தைக் கழுவி, கிப்லாவைப் பார்க்க வைத்துப் பட்டறைக்குள்ளேயே அடக்கினேன். ஜனாஸாத் தொழுகையை ஒருவனாக நின்று தொழுதேன். அடக்கிய இடத்தின்மேல்தான் புது உலை கட்டினேன். மற்றவர்கள் கடற்கரையை விட்டுப் போனபோதும் நான் அசையவில்லை. தொழிலில் என்ன பற்று என்று ஊர் புகழ்ந்தது.

அவன் பெண்சாதி சபூறா தேடி வந்தாள்.

"கத்தியத் தந்திட்டு மீன் வாங்கக் கடக்கரைக்குப் போனான் புள்ள" என்று கத்தியை அவளிடம் கொடுத்தேன்.

"மௌத்தாப் போயிருப்பாரா காக்கா?"

"மையித்துக் கிடைக்கல்லயே. வருவான்."

அதை நம்பி வருசா வருசம் தாக்கத்தியைத் தீட்டக் கொண்டுவந்தாள். வருகிறவன் கையில் துருப்பிடித்ததைக் கொடுக்கக் கூடாதாம். உலையடியில்தான் நிற்பாள். "தள்ளி நில்லு புள்ள, பொறி பறக்கும்" என்பேன். ஒரு கதிரும் அறுக்காத கத்தி, தீட்டித் தீட்டியே பாதியாய்த் தேய்ந்துபோனது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுடைய காக்காமார், விதவை இருக்கும் இத்தாக் காலம் முடிந்த கையோடு வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். அப்போது என் பெண்சாதி உயிரோடு இருந்தாள். இன்னொருத்தியைக் கட்ட அவள் விட்டிருக்க மாட்டாள். சண்டை முடிந்து முகாம்களிலிருந்து ஆட்கள் வந்தபோது சபூறா அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் போய் நின்றாள். "போய்ப் பாரு புள்ள" என்று அனுப்பியவனும் நான்தான்.

போன மாதம் என் பெண்சாதி மௌத்தானாள். இனியும் சபூறாவைக் காக்கவைப்பது பாவம். அதனால்தான் உங்கள் காதி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வந்தேன்.

நேரம் இருந்தது, காதியார். அலவாங்கு கையில் இருந்தபோது சபூறாவின் முகம்தான் மனதில் வந்தது.

அவனை எடுத்து முறைப்படி அடக்குங்கள். அவள் இத்தா இருக்கட்டும். நாலு மாதமும் பத்து நாளும் கழிந்ததும் என் பெயரை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். மறுக்க மாட்டாள். அந்தப் பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.