மணி அடிக்கும் வரை

கண்ணை மூடு என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மூடிவிடுவார்கள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலையிலேயே என் வயதின் பெரும்பகுதி போயிற்று. அங்கே நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னால் வக்கீலும் பொத்துவார், வாத்தியாரும் பொத்துவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சொல்கிறவன் குரல் நிதானமாக இருந்தால் போதும்.

நீங்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி. சொல்கிறேன். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள், பேசுவது எனக்கே கேட்கவில்லை.

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். அப்படித்தான் ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த கல்குவாரியைப் பார்த்தேன். பாறையை எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புல் கிடையாது, பறவை கிடையாது. பள்ளத்தின் அடியில் ஒரு சேற்றுக்குளம். கல் அறுத்த தூளும் தண்ணீரும் கலந்து தேங்கியது. மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, சிமெண்ட் தரை போலத் தெரியும். காலை வைத்தால் அடியில் கூழ். ஒரு நாய் அதில் இறங்கி மேலே வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சுற்றிலும் கழிகள் நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். கட்டியவன் நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை.

முதலில் நான் மட்டும் செடி வைத்தேன். பிறகு கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ஒரு நர்ஸ் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வந்தார். விவாகரத்தான ஒருவர், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தம்பதி, இப்படிச் சேர்ந்தது கூட்டம். காலையில் குழி வெட்டுவோம், செடி வைப்போம். அப்புறம் ஆளுக்கொரு இடத்தில் மண்ணில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் முன்னால் நின்று பேசுவேன். பிறகு பேச்சை நிறுத்துவேன். நான் கைமணியை அடிக்கும் வரை யாரும் கண் திறக்கக் கூடாது.

அந்த நேரத்தில் யாருக்காவது மனம் தாங்காவிட்டால் எழுந்து தள்ளிப் போய் வாய்விட்டுக் கத்தலாம், அழலாம். நாங்கள் அதைக் ‘குரல் விடுதல்’ என்போம். யாரும் ஓடிப்போய்த் தேற்றக் கூடாது. அழுகிறவரை நிலம் பார்த்துக்கொள்ளும். இந்த விதியும் நான் வைத்ததுதான். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மா முதல் நாள் போட்ட கூச்சல் சாலை வரை கேட்டிருக்கும். ஆனால் ஒருவரும் கண் திறக்கவில்லை. போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்குத்தாங்க எனக்கு மூச்சே வருது” என்றார்.

என் தங்கை தன் கணவரை அழைத்துவந்தது அதற்குப் பிறகு.

மாப்பிள்ளை நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை என்னிடமிருந்து வராது. தண்ணீர்க் குழாய் ஒப்பந்த வேலை. வாயைத் திறந்தால் சிரிப்பு. கண்ணை மூடச் சொன்னால் ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார். மற்ற நாள்களில் எழுந்து கூட்டத்தை விட்டுப் போய்ப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒருநாள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டார்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் ஒரே குழியிலதான் செடி வைக்கிறோம், கவனிச்சீங்களா?”

“ஏன்?”

“போன வருஷம் வச்சது செத்துப்போச்சுல்ல. குழி நல்லா பழகிடுச்சு, நமக்குத்தான் பழக்கம் வரல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் கூட்டத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மழைத் தண்ணீர் சரிவில் ஓடி வீணாகிறது, குறுக்கே வரப்புப் போட்டு நிறுத்தினால் போதும், விதை தானாக வரும் என்றார் அவர். ஒரு மூலையில் போட்டும் காட்டினார். அடுத்த மழைக்கு அங்கே புல் முளைத்தது. கண்டக்டர் அவர் பக்கம் போனார். பிறகு நர்ஸ். கண் மூடும் நேரத்தில்கூடச் சிலர் வரப்பில் நின்று வேலை செய்தார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது மண்வெட்டிச் சத்தம் கேட்கும். காதில் போட்டுக்கொள்ளாமல் பேசினேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு அவர் சொன்னார், “இந்த நிலத்துக்கு இப்ப ஒரே ஒரு உதவிதான் வேணும். நாம வராம இருக்கணும். மிதிக்காம விட்டா ரெண்டு மழையில எந்திரிச்சிடும். வேலியப் போட்டுட்டு ஒரு வருஷம் அவங்கவங்க வீட்ல இருப்போம்.”

சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மாவும் தூக்கினார். என் தங்கை என்னைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், பிறகு பாதிக் கை தூக்கினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் அந்த நிலத்தை நினைத்துப் பார்த்தேன். மனிதர்கள் கைவிட்டதால் செத்த இடம் அது. மறுபடியும் கைவிடப் போகிறார்கள். அதன் பக்கம் பேச அங்கே ஆள் இல்லை. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இதில் வேறு எதுவும் கிடையாது.

மாப்பிள்ளைக்கு வெகுநாளாக ஓர் ஆசை. சேற்றுக்குளத்தின் ஓரத்தில் நாணல் வைத்தால் வேர் பிடித்துச் சேறு இறுகும் என்பார். வேலி போடுவதற்கு முந்தைய கடைசிக் கூட்டத்தன்று அவரைத் தனியாக அழைத்தேன்.

“நாணல் கொண்டுவந்திருக்கேன் மாப்பிள்ளை. நாங்க உட்கார்ந்திருக்கிற நேரத்துல வச்சிடுறீங்களா? துணி கட்டின கழியை ஒட்டியே வைங்க. அதுவரைக்கும் தரை கெட்டி.”

அவர் என் தோளில் கை போட்டார். “நீங்க கோவிச்சுக்கிட்டீங்களோன்னு ரொம்ப வருத்தமா இருந்துச்சு மச்சான்” என்றார். கண் கலங்கியிருந்தது. நாணல் கட்டைத் தூக்கிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இறங்கினார்.

அதற்கு முந்தைய நாளே நான் கழிகளைப் பிடுங்கிக் குளத்துக்குள் தள்ளி நட்டிருந்தேன். பலகை போட்டுப் படுத்தபடி செய்ய வேண்டியிருந்தது. முதுகு வலி போக வெகுநாள் ஆயிற்று.

அவர் இறங்கிய பிறகு நான் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். கடைசிக் கூட்டம் என்பதால் மண்வெட்டிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான் நன்றாகப் பேசினேன். “இன்னைக்கு நிறைய பேர் குரல் விடுவாங்க. பிரியப் போறோம் இல்லையா, அப்படித்தான் வரும். எந்தக் குரல் கேட்டாலும் அதை மதிங்க. கண்ணைத் திறந்து அவமானப்படுத்தாதீங்க” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சத்தம் வந்தது. முதலில் “மச்சான்” என்றார், சாதாரணமாக, செருப்பு சேற்றில் சிக்கிக்கொண்டது போல. பிறகு அதே வார்த்தை வேறு மாதிரி வந்தது. பிறகு என் தங்கையை அவர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர். பிறகு “கயிறு, கயிறு.” நான் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லார் முகத்தையும் பார்த்தேன். கண்டக்டரின் தாடை ஆடியது. நர்ஸ் எழுந்துவிடுவார் போலிருந்தது. எழவில்லை. அதில் யாரையும் நீங்கள் தப்புச் சொல்ல முடியாது.

தங்கை மட்டும் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“அண்ணா, அவர் குரல் மாதிரி இருக்கே.”

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். “அவர்தாம்மா. குரல் விடறாரு. எவ்வளவு நாள் அடக்கி வச்சிருந்தாரோ, பாவம். விடட்டும்.”

அவள் இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. “அவர் அழுது நான் பார்த்ததே இல்லண்ணா” என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

சத்தம் அடங்கிய பிறகும் சற்று நேரம் விட்டுத்தான் மணி அடித்தேன்.

பிறகு நடந்தது உங்கள் ஆட்களுக்குத் தெரியும். அவரைத் தேடுகிற சாக்கில் முதலில் இறங்கியவன் நான். எட்டிய கழிகளைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டுத்தான் கூவினேன். ஆசையில் எல்லை தாண்டிப் போய்விட்டார் என்றார்கள். விபத்து என்று முடிந்தது. கயிறு என்ற வார்த்தையைக் கேட்டதாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரவர் கண்ணை அவரவர்தான் மூடியிருந்தார்கள். அதை எப்படி வெளியே சொல்வது?

வேலி போடும் பேச்சும் நின்றுபோயிற்று. எல்லாரும் வந்தார்கள், முன்பைவிட அதிகமாக. மண்வெட்டிச் சத்தம் கிடையாது. நான் பேசினேன். அவருக்காக ஒரு மரம் வைத்தோம். என் தங்கை மட்டும் கூட்டத்தோடு உட்காராமல் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. நான் ஊட்டிவிட்டேன். தூங்க மாட்டாள். கண்ணை மூடினால் கேட்கிறதாம்.

சனிக்கிழமை அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தன் புருஷனைத் தானே கொன்றதாகச் சொன்னாள் என்றீர்கள். கூப்பிட்டார், கேட்டது, ஆனாலும் கண் திறக்கவில்லை, அதனால் கொன்றது தான்தான் என்றாளாம். அவள் காதில் நான் குனிந்து சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன். அவள் கொல்லவில்லை. நர்ஸும் கண்டக்டரும் கொல்லவில்லை. கழியை மாற்றியது நான், அவரை அனுப்பியது நான், குரல் நிற்கும் வரை காத்திருந்ததும் நான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாராவது கூட இருந்து சாப்பிட வையுங்கள்.

எல்லாமே அந்த நிலத்துக்காகச் செய்தது. நீங்கள் சனிக்கிழமையே குவாரி கேட்டைப் பூட்டிவிட்டீர்கள். இந்த மழைக்கு, மாப்பிள்ளை வரப்புப் போட்ட சரிவு முழுக்கப் பச்சை கட்டியிருக்கிறது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். சரி, நல்லதுதான்.

நேற்று ஞாயிறு. கேட் பூட்டியிருந்தும் எல்லாரும் வந்து வெளியே சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் அவர் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் தெரியாது என்கிறார். நீங்களாவது விசாரித்துச் சொல்லுங்கள். நேற்று முன்னால் நின்று பேசியது யார்?