காளானில் பெயில்

— காளான்லயா? ரசாயனம், ரத்தம், நரம்பு எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டு, காளான்ல பெயிலா?

— ஆமாப்பா. காலைல இருந்து இதையே நாலு விதமாக் கேட்டாச்சு. பதில் மாறப் போறதில்ல.

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஜுரா காட்டுல பொறந்து வளந்த பொண்ணு நீ. பாரிஸ்ல இருந்து வந்த பசங்க பாஸ், என் பொண்ணு சொலேன் பெயில். நாளைக்கு சீஸ் கிடங்கு வேலைக்குப் போனா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?

— உங்க மூஞ்சி இருக்கற எடத்துலயே இருக்கட்டும். ஃபார்மசி படிப்பையே விடப்போறேன்னு சொல்லிட்டிருக்கேன். அது காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. அது ஒரு பேச்சே இல்லைன்னுதான் பதில் சொல்லல.

— அப்பா...

— மொத வருஷம் எத்தன பேர வடிகட்டித் தள்ளுனாங்க. ஒரு தடவ விழுந்து, மறுபடி எழுதி உள்ள போனவ நீ. சாப்பாடு எறங்காம, தலைக்குக் குளிக்காம, மேசை மேலயே தூங்கினியே, அப்ப விடல. மூணாவது வருஷம் வந்துட்டு ஒரு தட்டு காளானுக்காக விடுவியா? மறுதேர்வு இருக்குல்ல?

— இருக்கு. பேர் குடுக்க நாளைக்குத்தான் கடைசி. நான் குடுக்கல.

— ஏனாம்?

— நான் இதுக்கு லாயக்கு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அதனால.

— யார் சொன்னா, அந்த வாத்தியாரா? அந்தாளு பூட்ஸ் மாட்டிட்டுக் காட்டுக்குள்ள வந்து எத்தன நாளாச்சோ. இரு, ஒரு கூடை நெறையப் பறிச்சிட்டு பெசான்சோன் காலேஜுக்கே வரேன். அவன் மேசை மேல கொட்டி, பேரச் சொல்லுய்யான்னு கேக்கறேன்.

— தயவுசெஞ்சு வந்துடாதீங்க. மொத நாள் காலேஜ்ல விட வந்தப்பவே ஒரு மூட்டை சாசேஜோட வந்து நின்னீங்க. இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க.

— திங்கும்போது ஒருத்தனும் சிரிக்கல. சரி விடு. எத்தன காளான் தப்பாச் சொன்ன?

— ஒண்ணு.

— ஒண்ணே ஒண்ணா? அதுக்கா பெயில்? இது அநியாயம்.

— அநியாயம் இல்லப்பா. ஆளக் கொல்ற காளான திங்கலாம்னு எழுதினா, மத்ததெல்லாம் சரியா இருந்தாலும் மொத்தத்துக்கும் சைபர். எங்க காலேஜ்ல அதுதான் சட்டம். அது சரியும்கூட. நாளைக்கு மருந்துக்கடைல நான் நிக்கறேன், யாரோ காட்டுல பறிச்ச காளான் கூடையோட வந்து, இத திங்கலாமான்னு கேக்கறாங்க. நான் பாத்துட்டுத் தலையாட்டினா வீட்டுக்குப் போய்ச் சமைச்சுத் தின்னுருவாங்க. அங்க மறுதேர்வு கிடையாது.

— கூடையோட வர்றதப் பத்தி எனக்குச் சொல்லாத. அக்டோபர் வந்தா ஊர்ல பாதிப் பேர் மருந்துக்கடைக்குப் போறாங்க, மீதிப் பேர் நம்ம வீட்டுக் கதவத் தட்டறாங்க. எந்தக் காளான்?

— ஏதோ ஒண்ணு.

— அந்த ஏதோ ஒண்ணுக்குப் பேர் இல்லையா?

— விடுங்கப்பா.

— விட்டுட்டேன். எந்தக் காளான்?

— இப்படித்தான் நீங்க விடறது. அடிக்கட்டையில கொத்துக் கொத்தா வருமே, தேன் நெறத்துல, சின்னதா. அது மாதிரி ஒண்ணு.

— சூப்புல போடறோமே, அதுவா? அது நல்ல காளான்மா. நீ சரியாத்தான் எழுதியிருக்க.

— பாத்தீங்களா. இதுக்குத்தான் வாயே தெறக்கல.

— உன்னத் தோள்ல ஒக்கார வச்சுக்கிட்டு நான் காட்டின மொத காளான் அது.

— அதேதான். அதனாலதான் நான் அத திருப்பிக்கூடப் பாக்கல. பரீட்சைல வச்ச தட்டுல பாத்ததும், அட நம்ம அப்பா காளான்னு எழுதிட்டுப் போயிட்டேன். பக்கத்துல ஒரு பொண்ணு பூதக்கண்ணாடிய வச்சு காம்பு காம்பாப் பாத்துட்டிருந்தா. நான் அவளப் பாத்துச் சிரிச்சேன்ப்பா. அவ பாஸ்.

— அப்போ அது என்னவாம்?

— வேற. அதே நெறம், அதே கொத்து, காம்புல அதே வளையம். தின்னா மொதல்ல வயித்தால போகும். அப்புறம் நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் ஈரல் போயிரும்.

— வருஷக்கணக்கா தின்னுட்டிருக்கோம். நம்ம ஈரல் எங்க போச்சு?

— நீங்க பறிச்சது எல்லாம் நல்லதுதான். நான் எழுதினதுதான் தப்பு. உங்க மேல பழி போடல.

— போடற மாதிரிதான் கேக்குது. ஒரு சீஸ் சக்கரத்த சுத்தியலால தட்டி, சத்தத்த வச்சே உள்ள வெடிப்பு இருக்குன்னு சொல்றவன் நான். எனக்குக் காளான் தெரியாதுங்கற.

— அத யாருப்பா சொன்னா? உங்ககிட்டப் பேசறதுக்கு அந்த வாத்தியார்கிட்டயே இன்னொரு தடவ பெயில் ஆயிடலாம். இப்ப எந்திரிச்சு எங்க போறீங்க?

— இந்தா. பின்வாசல்ல வச்சிருந்தேன், விடியக்காலைல பறிச்சது. உனக்கு எத்தன கண்ணாடி வேணுமோ அத்தன வச்சுப் பாரு.

— எங்க பறிச்சீங்க?

— வழக்கமான எடந்தான்.

— அந்தப் பீச் மரத்துக் கட்டையிலயா?

— அது இத்துப்போய் மண்ணாயிருச்சு. அதுக்குக் கொஞ்சம் மேல, பைன் மரம் வெட்டின எடம் இருக்குல்ல, அங்க கொட்டிக் கெடந்துச்சு.

— பைன் கட்டையிலயா?

— மரம் எதுவா இருந்தா என்ன?

— வெஷக் காளான் பைன் கட்டையிலதான் அதிகம் வரும். ஜன்னல்கிட்ட வாங்க. இந்தக் காம்பப் பாருங்க, வளையத்துக்குக் கீழ. நல்ல காளான்னா செதில் செதிலா இருக்கும், கோழிக்கால் மாதிரி. இதுல இருக்கா?

— மூக்குக்கண்ணாடி போடல.

— போட்டுக்குங்க. இருக்கா?

— இல்ல. வெள்ளையா நார் ஓடின மாதிரி இருக்கு.

— இன்னொண்ண எடுங்க. அதுல?

— அதுலயும் இல்ல.

— இது ஒரு கைப்பிடிதான். கொட்டிக் கெடந்துச்சுன்னீங்க. மீதி எங்க?

— சொலேன்...

— மீதி எங்கப்பா?

— மேட்டு வீட்டு மிரேய்க்குக் குடுத்தேன். புள்ள பெத்து இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா, நல்லா சாப்பிடட்டுமேன்னு. மத்தியானம் ஆம்லெட்ல போடறேன்னா.

— இப்பவே மத்தியானந்தான். போனக் குடுங்க.

— நான் பேசறேன். குடுத்தது நான்.

— நீங்க பேசினா, அனத்தோல் மாமா குடுத்ததுல தப்பு இருக்குமான்னு சிரிப்பாங்க. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான். குடுங்க.

— இந்தா. நீயே நம்பரப் போடு.

— மிரேய் அக்கா, நான் சொலேன். அப்பா குடுத்த காளானச் சமைச்சுட்டீங்களா? வாணலியிலதான் இருக்கா? யாரும் ருசிகூடப் பாக்கலையே? சரி, அடுப்ப அணைங்க. வெளிய கொட்டாதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன். தெரியும்க்கா, நல்லதுன்னுதான் அப்பா சொல்லியிருப்பாரு. அது நல்லதில்லைங்கறேன், நான் சொல்றதக் கேளுங்க. யாரு, நானா? ஆமாக்கா, ஃபார்மசிதான், இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்.