வானம் தெளிஞ்ச கதை

அட இருங்க மதினி, பூவு ஒண்ணும் வாடிறாது. ஈரத்துணியிலயே கெடக்கட்டும். எங்கண்ணனக் கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து ஒங்களுக்கு அவசரந்தான். உள்ள என்ன எட்டி எட்டிப் பாக்குறீக? ஒங்க மகனுக்குத்தான முத்துப்பேச்சியக் கேட்டு வந்திருக்கீக, உரிமையுள்ள எடந்தான? காப்பியக் குடிங்க. மணி என்ன ஒங்க வாட்சுல? எட்டேமுக்காலா? ஒம்பதுக்கு மேலதான் நல்ல நேரமா? அதுவும் நல்லதுக்குத்தான்.

கர்ணன் தங்கமான பயதான், நான் இல்லேங்கல. ஆனா இன்னைக்கு நீங்க பூ வச்சுட்டா எம்மக பெங்களூருப் படிப்பு அத்தோட நின்னுபோகுமே. பொட்டப்புள்ளைக்கு ஆகாசப் படிப்பு எதுக்குங்கிறீக. நானும் அதத்தான் கேட்டேன். அவ சொன்னதக் கேளுங்க, சிரிக்கக் கூடாது.

ஆதியில ஆகாசம் பூராவும் வெறும் வாயுவாத்தான் கெடந்துச்சாம். அதுல ஒவ்வொரு பொடியும் ஆத்தாளும் கைப்புள்ளையும் மாதிரியாம். ஆத்தா கனம், புள்ள லேசு. புள்ள முந்தானைய விடாது. அப்பிடி ஒட்டிக்கிட்டுக் கெடந்ததால, கண்ணுக்குத் தெரியாத உக்கிரமான வெளிச்சம் ஒண்ணு இருக்காம்ல, அது எங்க கெளம்புனாலும் இந்த வாயு அத அங்கனயே முழுங்கிப்புடுமாம். அப்புறம் மொத மொதல்ல நட்சத்திரக் கூட்டமெல்லாம் அங்கங்க பத்திக்கிச்சாம்.

எனக்கும் மண்டையில ஏறல மதினி. அதுக்கு அவ, ஏம்மா, வீரபாண்டித் திருழாவுல அக்கினிச்சட்டி வாரப்ப என்னாகுதுங்கிறா. நெரிசல்ல ஒட்டிக்கிட்டு நிக்கிற சனம் அனல் பட்டதும் ஆளுக்கொரு பக்கமா ஒதுங்குதுல்ல? சட்டியச் சுத்தி வட்டமா எடம் விழுகுது. இங்கன ஒரு சட்டி, அங்கன ஒரு சட்டி. வட்டமும் வட்டமும் சேந்துக்கிட்டா தெருவே தெளிஞ்சு போகுது. போன வருசம் நீங்க சட்டி எடுத்தப்ப எங்கண்ணனே பத்தடி தள்ளித்தான நின்னாக? அது அனலுக்குப் பயந்தா, ஒங்களுக்குப் பயந்தான்னு எனக்கு இன்னும் வெளங்கல. சரி சரி, மொறைக்காதீக.

அதே மாதிரி அந்த நட்சத்திரக் கூட்டத்து வெளிச்சம் ஆத்தாளையும் புள்ளையையும் பிரிச்சு விட்டுருச்சாம். அப்பறந்தான் ஆகாசம் தெளிஞ்சு, அந்த வெளிச்சம் நெடுந்தூரம் போக வழி கெடச்சுச்சாம். பூராத்தையும் பண்ணுனது அதுகதானா, வேற எதுவும் சேந்துச்சான்னு பெரிய படிப்பாளிகளுக்கே இன்னும் நிச்சயமில்லையாம். இவ போயிக் கண்டுபிடிக்கணுமாம்! வீட்டுல வச்ச சீப்பத் தேடத் தெரியாதவ.

பிரிஞ்ச புள்ள திரும்பி ஆத்தாகிட்ட வராதாடின்னு கேட்டேன். ஒண்ணு ரெண்டு வரும்மா, ஆனா ஆகாசம் விரிஞ்சுக்கிட்டே போகுதுல்ல, பெரும்பாலும் பிரிஞ்சது பிரிஞ்சதுதான்னா. அந்த ஆத்தா அழுகலையாடின்னேன். அதுக்குக் கண்ணு கெடையாதும்மான்னு சிரிக்கிறா.

எனக்கு இருக்கே மதினி. ரெண்டு நாளா அழுதுதான் தீத்தேன்.

இப்ப மணி என்ன? ஒம்பது தாண்டிருச்சா? அப்பச் சரி, எனக்கும் நல்ல நேரம் பொறந்துருச்சு.

உள்ள யாரும் இல்ல மதினி. காலைல எட்டு மணி பஸ்ஸுல நாந்தான் மதுரைக்கு ஏத்தி விட்டேன். அங்கருந்து பெங்களூரு. நீங்க வந்ததும் சொல்லியிருந்தா எங்கண்ணன் புல்லட்ட எடுத்துட்டுப் போயி பஸ்ஸ மறிச்சிருப்பாக. இந்நேரம் ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டியிருக்கும். அவ அப்பாரு தோட்டத்துல இருக்காக, அவுகளுக்கும் இனிமேத்தான் சொல்லணும்.

கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காதீக. ஆசையாக் கொண்டாந்த பூவத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. இந்தா, திரும்பி உக்காந்துட்டேன். என் தலையில வச்சு விடுங்க.