சலவைக் கடைக்காரனின் வெள்ளை நுரையீரல்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! அரும்பிணி அகற்றும் மருத்துவப் பெருமக்களே! கண்துஞ்சாமல் எங்களைக் காத்த செவிலிச் சகோதரிகளே! ஆன்றோரே, அன்னையரே, முன்வரிசையில் அமர்ந்து, சுருக்கமாகப் பேசும்படி கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் இந்தச் சலவைக் கடைக்காரனின் அன்பு கனிந்த வணக்கம்.

புதிய எக்ஸ்ரே கருவியின் திறப்பு விழாவில் எனக்கென்ன வேலை? இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! ஆனால் இதற்கு முன்னிருந்த கருவிக்கு என் நுரையீரலை நன்றாகத் தெரியும் ஐயா. கை தட்டாதீர்கள், நேரம் போகிறது. சரி, ஆசைப்படுகிறீர்கள், தட்டுங்கள்.

சென்ற ஆண்டு எனக்குக் காய்ச்சல். இருமினேன், இஸ்திரி போட்டேன். இஸ்திரி போட்டேன், இருமினேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். மனைவி விடுவாரா? தரதரவென்று இங்கே இழுத்து வந்தார். மூக்கில் குச்சி விட்டு வைரஸ் என்று கண்டார்கள். அது நெஞ்சில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் படம் எடுத்தார்கள்.

வந்தது படம். ஆகா! நெஞ்சுக்கூட்டின் இருபுறமும் பளிச்சென்று வெள்ளை! ஆயுள் முழுக்க அழுக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். வெள்ளையைக் கண்டால் எங்களுக்கு வேறென்ன தோன்றும்? மனைவி பூரித்துப்போனார். உள்ளேயும் சுத்தமாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சட்டையை எடுத்து நீட்டினார். நானும் பொத்தானைப் போட்டேன்.

படம் எடுத்த தங்கை கதவை மறித்து நின்றார். "அண்ணே, இதுல கறுப்புதான் நல்லது. கறுப்பா இருந்தா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். உங்களுக்குக் கறுப்பையே காணோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? போட்ட பொத்தானை மறுபடி கழற்றினேன். அன்று வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார். பிராணவாயு கொடுத்தார்கள், குப்புறப் படுக்க வைத்தார்கள். சக்கரம் வைத்த கருவி என் கட்டிலைத் தேடி வந்தது. படம் பார்த்து மருந்தை மாற்றினார்கள், மாற்றிவிட்டு மறுபடி படம் பார்த்தார்கள். ஓரத்தில் துளிக் கறுப்பு வந்தது. துளி திட்டானது! திட்டு திசையெல்லாம் படர்ந்தது! இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் கறுப்பு, எட்டிப் பார்த்த இடமெல்லாம் கறுப்பு! கறைக்கு எமனான என் மனைவி அந்தக் கறுப்பைக் கண்டு கைகொட்டிச் சிரித்தார். சிரித்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஆகவே பெரியோரே, தாய்மாரே! இருமலோடு மூச்சும் வாங்கினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தலாமா? காய்ச்சலோடு கடை திறக்கலாமா? கூடாது! கூடவே கூடாது! நேரே இங்கே வாருங்கள்.

அந்தக் கடைசிப் படத்தைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, கடையில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் என் மனைவி. துணி போட வருகிறவர்கள் யார் இது என்று கேட்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர்தான். ரெண்டுல இதுலதான் அவரு லட்சணமா இருக்காரு."

இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!